நான்கு பேர் நிற்க முடியாத அடுப்படி

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி மழையைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, "அங்க சாப்பாடெல்லாம் எப்படிப்பா?" என்பது. பதினாறு வருஷமாக நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். "சாப்பாட்டுக்கென்ன குறை, நான் ஹோட்டல்லதானே இருக்கேன்." போன வாரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் அதே கேள்வியைக் கேட்டான். அந்தப் பழைய பதில் வாய்க்கு வரவில்லை. "அது பெரிய கதைடா, எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் கேரளத்து மட்டாஞ்சேரியில் பரோட்டா மாஸ்டர். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துக்கு இங்கே நாய் என்று பொருள். வந்த புதிதில் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் மதுரை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மனைவி செல்விக்குச் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. மகள் கௌசல்யா எட்டாவது படிக்கிறாள், மகன் அருண் நான்காவது. இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. மகள் வீட்டில் என்னை அப்பா என்பாள், வெளியே அச்சன் என்பாள். மகனுக்கு எங்கேயும் நான் அச்சன்தான்.

சாயங்காலம் மூன்று மணிக்கு நான் கல்லுக்கு முன்னால் போய் நின்றால் ராத்திரி பன்னிரண்டுக்குக் கடை மூடும்வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கையில் பரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக இருக்கும். காலையில் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளர் சாயாவில் அந்தப் பரோட்டாவைத் தொட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். செல்வி நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொண்டு கிடங்குக்கு ஓடுவாள். எனக்கு ஹோட்டலில் சாப்பாடு. ராத்திரி பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட்டோ, பேக்கரியில் வாங்கிய பப்ஸோ தின்பார்கள். வீட்டில் இருந்தது நான்கு பேர். சாப்பிட்டது வேறு வேறு நேரங்களில். அடுப்பு சாயாவுக்கு மட்டும்தான் எரிந்தது. இதில் ஏதோ குறை இருக்கிறது என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. பிள்ளைகளின் வயிறு நிறைந்துதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

2

மழைக்காலம் முடிந்த சமயம். பத்தரை மணி இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கௌசல்யா காலை அசெம்பிளியில் மயங்கி விழுந்துவிட்டாள். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வகுப்பு டீச்சர் அவளை ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார். ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சீட்டு எழுதும் இடத்தில் இருந்த அம்மா, "வீட்டுபேரு?" என்று கேட்டார்.

"முருகேசன்" என்றேன்.

"அது அச்சன்டெ பேரல்லே. வீட்டுபேரு பறயு."

"வாடகை வீடுங்கம்மா. அதுக்குப் பேரெல்லாம் கிடையாது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கேரளத்தில் வீடு என்று இருந்தால் அதற்கொரு பெயர் இருக்கும், அது இல்லாமல் எந்தக் காகிதமும் நகராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கௌசல்யா கண்ணைத் திறக்காமலே, "தெக்கேப்பறம்பில்" என்றாள். எங்கள் வீட்டுக்காரருடைய குடும்பப் பெயர். பள்ளிக்கூடக் காகிதங்களில் எல்லாம் அவள் அதைத்தான் எழுதிவருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நர்ஸ் ஐம்பது வயசுக்காரர். கௌசல்யாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "நோக்கு" என்று என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம், பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. தினம் நான் கையால் அடித்து வீசுகிற அதே நிறம்.

"மோளுக்கு ரக்தம் குறவாணு. அச்சனு எந்தா ஜோலி?"

"குக்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வீட்டில் ஆராணு வெக்குந்நே?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் சமைப்பது யார்? நானும் கௌசல்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சாயா குடிக்கவே கூடாது, குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். பிறகு மலையாளத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, "கீரை, பயறு, மீன், பின்னெ பஞ்ஞப்புல்லு கொடுக்கணம், சர்க்கர சேர்த்து" என்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, வெளியூர்க்காரன்னா அவ்வளவு எளக்காரமா? எம்புள்ளைக்குப் பஞ்சத்துப் புல்லைக் குடுக்கச் சொல்றாங்க!"

கௌசல்யா நடுரோட்டில் நின்றுவிட்டாள். அந்த வெளுத்த முகத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அது புல்லு இல்லா. ஒரு தானியம். எனக்கு அதோட தமிழ்ப் பேரு அறியில்ல."

பஜாரில் ஒரு தானியக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், வாய் திறந்திருந்த ஒரு சாக்கைக் காட்டினாள். கையை உள்ளே விட்டேன். சின்னச் சின்ன உருண்டையாக, செம்பழுப்பாக, விரல் இடுக்கில் வழிந்தது. கேழ்வரகு. எனக்குப் பெயர் தெரியும், இந்த ஊரில் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாது. அவளுக்குக் கேட்கத் தெரியும், வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. அந்தச் சாக்கு பதினாறு வருஷமாக நான் போகிற வழியில்தான் இருந்திருக்கிறது. "கேழ்வரகு" என்றேன். "கேழ்வரகு" என்று அவள் திருப்பிச் சொன்னாள், ழகரம் அவ்வளவு சுத்தமாக. என் உடம்பு சிலிர்த்தது. கடைக்காரர் சர்க்கரையும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வெல்லத்தை எடுத்து வைத்தார். இங்கே வெல்லத்துக்குத்தான் அந்தப் பெயர். அவளுக்கு இன்னொரு முறை சிரிப்பு வந்தது.

3

மறுநாள் காலை செல்வி கிடங்குக்குப் போகவில்லை. மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். கௌசல்யா காகிதத்தை விரித்து, மலையாளத்தில் படித்துப் படித்து, தமிழில் சொன்னாள். தினம் ஒரு கீரை. ஏதாவது ஒரு பயறு. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. மத்தி மீன் நல்லது. பாக்கெட் பண்டங்கள் வேண்டாம். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, காகிதத்தை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"தினம் ஒரு நேரமாவது வீட்டுல எல்லாரும் ஒண்ணா சேர்ந்து சமைக்கணும். ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அப்பாவும்."

"அப்பாவும்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"அச்சனும் அம்மயும் குட்டிகளும்னு போட்டிருக்கு."

அரசாங்கம் அச்சடித்துச் சொல்லிவிட்டது. மாத்திரையைப் போல இதையும் செய்துதான் ஆக வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம் காலை ஆறிலிருந்து எட்டுவரைதான். மறுநாள் முதல் ஆறு மணிக்கு எழுவது என்று முடிவானது.

முதல் காலை ஒரு போர். எங்கள் அடுப்படியில் ஒருவர் நிற்கலாம், இரண்டாமவர் வந்தால் முதலாமவர் வெளியே வர வேண்டும். நூறு பேருக்கு அளந்து பழகிய கை எனக்கு. நான்கு பேருக்கான கேழ்வரகு மாவில் அரைக் கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டேன். அதைச் சரிக்கட்ட மாவைச் சேர்க்க, பதினைந்து அடைக்கு மாவு ஆகிவிட்டது. "செல்வி, எண்ணெய் எங்க? கரண்டி எங்க? தட்டு எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் கரண்டியைப் பொத்தென்று வைத்தாள். "உப்பு டப்பா எங்க இருக்குன்னு இத்தனை வருஷத்துல ஒரு நா தெரிஞ்சுக்கலை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறீக. இந்த வீட்டு அடுப்பு எத்தனை கண்ணுன்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியுமா?"

எனக்குத் தெரியும், இரண்டு. ஆனால் இரண்டாவது எரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த முதல் அடை உப்புக் கரித்தது, ஓரம் கருகியது. அருண் ஒரு வாய் தின்றுவிட்டு, "எனிக்கு வேண்டா" என்றான். ஆனால் நான்கு பேரும் தரையில் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கௌசல்யா ஒவ்வொரு துண்டையும் இரண்டாக மடித்துச் சாப்பிடுகிறாள். அருணுக்கு இடது கைப்பழக்கம். ஒன்பது வயசுப் பையன் இடது கைக்காரன் என்பது அவன் அப்பனுக்கு அன்றுதான் தெரிகிறது!

4

இரண்டு வாரத்தில் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அடுப்படியில் செல்வி. வாசற்படியில் நான், தேங்காய் துருவவும் மாவு பிசையவும். கட்டிலின் மேல் பழைய பேப்பரை விரித்து கௌசல்யா காய் நறுக்குவாள். அருண் பயறு கழுவி, பாத்திரங்களைக் கைமாற்றிக் கொடுப்பான். வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் பேரம் பேசுவதும் அவன்தான். எங்கள் மலையாளத்தைவிட அவன் மலையாளத்துக்கு அந்த அக்கா இரண்டு மத்தி கூடுதலாகப் போடுவார். தான் பேரம் பேசி வாங்கிய மீன் என்பதால் முள்ளைக்கூட விடாமல் தின்றான். முன்பு மீன் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவன்.

ஒரு காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம், நானும் கௌசல்யாவும். கீரை உருவும்போது கண் கீழே பார்க்க வேண்டும், கை ஓய்வதில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவள் தானாகச் சொன்னாள்.

"அப்பா, ஸ்கூல்ல நான் டப்பாவைத் திறக்கவே மாட்டேன்."

"ஏம்மா?"

"திறந்தா பொரோட்ட வந்நுன்னு விளிப்பாங்க. கிளாஸ்ல எனக்கு அதான் பேரு. அதனால பின்னால இருக்கிற நாய்க்குப் போட்டுடுவேன். ரெண்டு வருஷமா."

நான் வீசி, மடித்து, கல்லில் போட்டு, இரண்டு கையாலும் தட்டி அடுக்குப் பிரித்த பரோட்டா. என் தொழில்மேல் எனக்கு இருந்த பெருமை அத்தனையும் அந்தப் பொட்டலத்தில் இருந்தது. அதை என் மகள் ஒளித்து ஒளித்து நாய்க்குப் போட்டிருக்கிறாள். மத்தியானம் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறாள். என்னிடம் சொல்ல ஒரு நேரமும் இருந்ததில்லை. நான் தூங்கும்போது அவள் போவாள், அவள் தூங்கும்போது நான் வருவேன்.

அடுத்த கொத்தை எடுத்து உருவினேன். "நாளைக்கு டப்பாவுக்கு என்ன வைக்கலாம், நீயே சொல்லு" என்றேன். அவள் வன்பயறு என்கிற தட்டைப்பயறும் சோறும் நெல்லிக்காய்த் துவையலும் என்றாள். மறுநாள் சாயங்காலம் ஹோட்டலுக்குப் போன் செய்தாள். டப்பாவைத் திறந்தாளாம். துவையலைப் பக்கத்தில் இருந்தவளும் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அவ்வளவுதான் செய்தி. கல்லில் ஆறு பரோட்டா கருகிக்கொண்டிருந்தது, நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பகலில் படுத்தாலும் கண் மூடவில்லை, தூக்கம் நான்கு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் கல்லுக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகி, மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். முதலாளியை எல்லாரும் இக்கா என்போம், அண்ணன் என்று அர்த்தம். அவர் மருந்து போட்டுவிட்டு, "எந்தா முருகேசா, ப்ரச்னம்?" என்று கேட்டார்.

கடைசி இரண்டு மணி நேரத்துக்கு வேறு ஆள் போட்டு, என்னைப் பத்து மணிக்கு விட முடியுமா என்று கேட்கலாம் என்று தோன்றியது. வெறும் வாயால் கேட்டால் சாக்கு என்று நினைப்பாரோ? மறுநாள் கௌசல்யாவிடம் அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"இக்காகிட்ட காட்டணும். கவர்மெண்டே சொல்லியிருக்குல்ல."

அவள் அதை எடுத்துக் கொடுக்க வெகுநேரம் ஆனது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். இக்கா கல்லாவில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுவதையும் படித்தார். திருப்பி வெறும் பின்பக்கத்தையும் பார்த்தார். "கீரை உண்டு, பயறு உண்டு, மீனுண்டு. ஒந்நிச்சு சமைக்கணும்னு எவிடெயாடா எழுதியிருக்கு?"

"கடைசி வரி, இக்கா."

"கடைசி வரி, கை சோப்பிட்டு கழுகணும்."

நான் அந்தக் காகிதத்தை வாங்கி, ஓரெழுத்தும் புரியாமல், அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து, காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, இல்லாத ஒரு வரியை என் மகள் படித்திருக்கிறாள். பதின்மூன்று வயசு. உடம்பில் ரத்தம் இல்லை, எழுந்து நடக்கத் தெம்பு இல்லை. தனக்கு என்ன மருந்து வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்குத் தெரியாதது, நர்ஸுக்குத் தெரியாதது. அதை அவளாகக் கேட்டிருந்தால் நாங்கள் தந்திருப்போமா? "அப்பாவுக்கு வேலை இருக்கும்மா" என்று சொல்லியிருப்பேன். அதனால் அரசாங்கத்தின் வாயில் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

மகள் படித்துச் சொன்னதை நம்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகரப் போனேன். இக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சர்க்கார் எழுதியதெங்கில் ஞான் கேக்கில்லாயிருந்நு. இது மோளு பறஞ்ஞதல்லே?" அரசாங்கம் சொன்னதாக இருந்தால் கேட்டிருக்க மாட்டாராம். மகள் சொன்னது என்பதால் கேட்கிறாராம். "பத்து மணிக்கு பொய்க்கோ."

மறுநாள் காலை கௌசல்யா கட்டிலில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இக்கா வாயிச்சாரா?"

"படிச்சாரும்மா. முழுசும் படிச்சாரு."

கத்தி நின்றது. "என்ன சொன்னாரு?"

"பத்து மணிக்குப் போகச் சொல்லிட்டாரு."

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நான் மாவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். நறுக்குகிற சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

அவர்கள் பள்ளிக்கூடம் போனபிறகு செல்வியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"கவர்மெண்டு எதையாச்சும் இம்புட்டு அழகாச் சொல்லியிருக்கா?"

6

ஊரில் இருப்பவர்களே, உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சமையல் தெரிந்தவன் வீட்டில்தான் இது நடந்தது. கீரையும் பயறும் மாத்திரையும் அவள் உடம்பைத் தேற்றின, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்குள் வேறு ஏதோ ஒன்றும் ஊறியது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை கிடையாது. சமைப்பது அம்மாவின் வேலை என்றும், சம்பாதித்துக் கொண்டுவருவது அப்பாவின் வேலை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் வேலை தின்பது. ஒரு நாள், ஒரே ஒரு வேளைக்கு, அந்தப் பிரிவைக் கலைத்துப் பாருங்கள். அடுப்படி சின்னது என்று சொல்லாதீர்கள். எங்களுடையதை வந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் முடிவைப் பார்த்துவிட்டு, "மிடுக்கி" என்று கௌசல்யாவின் கன்னத்தைத் தட்டினார். கெட்டிக்காரி. தேவையான அளவுக்கு ஏறிவிட்டது, மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

கடைசி மாத்திரை தீர்ந்த மறுநாள் காலை, யாரும் என்னை எழுப்பவில்லை. கண் விழித்தபோது ஆறரை தாண்டியிருந்தது. அடுப்படியில் பேச்சுச் சத்தம். "கடலை வெந்திருச்சா பாருடா" என்று கௌசல்யா தம்பியிடம் தமிழில் சொன்னாள். "வெந்து போயி" என்று அவன் பாதித் தமிழில் சொன்னான். செல்வி எதற்கோ சிரித்தாள்.

எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தேன். நோய் தீர்ந்தது, மருந்தும் தீர்ந்தது. அவள் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் அதோடு முடிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிட்டார்களோ? இனி நான் இல்லாமலே அவர்கள் சமைத்துக்கொள்வார்கள். நன்றாகத்தானே சமைக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

அப்போது அருண் வந்து என் போர்வையை இழுத்தான்.

"அச்சா, எழுந்நேக்கு. புட்டுக்குத் தேங்கா துருவ ஆளில்ல."

"நீங்க துருவ வேண்டியதுதானேடா?"

"அது அச்சன்டெ ஜோலியல்லே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

முகம் கழுவிவிட்டுப் போனேன். வாசற்படியில் தேங்காய் உடைத்து, துருவுகட்டையின் பக்கத்தில் வைத்திருந்தது. கேழ்வரகு மாவு பதமாகப் பிசிறித் தயாராக இருந்தது. புட்டுக் குழாய் காலியாக நின்றது. மூன்று பேரும் அடுப்பின் தீயைக் குறைத்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள்.